கும்பகோணத்துக் கூடத்துக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிறவர்கள் பணத்தோடு ஒரு பென் டிரைவையும் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நேரில் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன ஓசைகள் அதில் இருக்க வேண்டும். நான் கொண்டுபோனதில் என் மனைவியின் குரல், எங்கள் வீட்டுத் தம்பூரா, என் மிருதங்கம் என்று மூன்று இருந்தன. கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரையும் யமஹா ஏ-எஸ்501 ஆம்பிளிஃபையரையும் தேர்ந்தெடுத்தது அந்த மூன்றும்தான். வெயில், அடைமழை, மறுபடியும் வெயில் என்று எல்லாப் பருவத்திலும் கேட்ட பிறகே இதை எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பாட்டுக் கேட்பது அதன் ஒரு பகுதி. பழைய கச்சேரிப் பதிவுகளைப் போட்டு, ‘இந்த இடத்தில் வித்வான் ஏன் வாசிக்காமல் விட்டார் பார்’ என்று பிள்ளைகளுக்குக் காட்டாமல் பாடம் நடத்த முடியாது. அதற்குத் தொண்ணூறுகளில் வாங்கிய ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்தது. அதில் கீழ்ச்சுரங்களைத் தரும் வூஃபரின் கூம்பைச் சட்டத்தோடு இணைக்கிற வளையம் நுரையால் ஆனது. அந்த நுரை ஈரக்காற்றில் தானாகவே சிதைந்துபோகும் பொருள். காவிரிக் கரையில் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. விரலால் தொட்டதும் கறுப்பு மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு மெக்கானிக் புது வளையம் ஒட்டிக் கொடுத்தார். பேசியது, ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் சத்தம் பழையபடி திரும்பவில்லை. டெல்டாவில் இருப்பவர்கள் ரப்பர் வளையம் உள்ள ஸ்பீக்கராகப் பார்த்து வாங்குவது நல்லது. ரப்பர் நீண்ட காலம் தாங்கும்.

மிருதங்கத்தை வைத்து ஏன் சோதிக்க வேண்டும் என்று கேட்கலாம். தோல் வாத்தியம் எதுவானாலும் அதில் மூல சுரத்தோடு கூடவே எழும் மேல்சுரங்கள் ஒழுங்கில்லாமல் சிதறும். அதனால்தான் பெரும்பாலான மேளங்களுக்குத் திட்டமான சுருதி கிடையாது. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவில் இருக்கும் கறுப்புக் கரணை அந்தச் சிதறலை அடக்கி, மேல்சுரங்களை ஆதார சுருதிக்கு இசைவாக வரிசைப்படுத்துகிறது. இதை ஆராய்ந்து சர் சி.வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அவர் பிறந்தது நம் காவிரி பாயும் திருச்சியில். ஆக, வலந்தலையில் ‘நம்’ என்று வாசிக்கும் ஒரு சொல்லுக்குள் கீழிருந்து மேல்வரை ஒழுங்கான அடுக்கு இருக்கிறது. ஸ்பீக்கர் நடுப்பகுதியில் எங்கேயாவது கூட்டினாலோ குறைத்தாலோ அந்த அடுக்கு கலையும். சுருதி சேர்த்த மிருதங்கம் சேராததுபோல் கேட்கும்.

தொப்பி இதைவிடக் கடுமையான பரீட்சை. ரவையைப் பிசைந்து அப்பிய பிறகு இடக்கையால் ‘தொம்’ என்று கொடுத்துவிட்டு, மணிக்கட்டின் அடிப்பாகத்தைத் தோலில் அழுத்தி நகர்த்தினால் நாதம் மேலே வழுக்கிக்கொண்டு ஏறும். அதுதான் கும்கி. ஆரம்பத்தில் வயிற்றில் விழும் அடி, அதன் பின் தோல் விரியும் மூச்சு, கடைசியில் சுரம் ஏறி அடங்கும் வால் என்று ஒரு நொடிக்குள் மூன்று காரியம் நடக்கிறது. நல்ல ஸ்பீக்கரில் மூன்றையும் பிரித்துக் கேட்கலாம். ‘பேஸ்’ அதிகம் என்று பெருமையாக விற்கப்படும் பல ஸ்பீக்கர்களில் முதல் அடி ஊதிப் பெருத்து மற்ற இரண்டையும் விழுங்கிவிடும். ஏறுகிற சுரம் ஏறாமல் ‘ம்ம்ம்’ என்று ஒரே இடத்தில் நின்றுவிடும்.

பதிவு செய்த இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடத்துக்குள் பதிவு செய்தால் கூடத்தின் எதிரொலியும் சேர்ந்து பதிவாகிவிடும். பிறகு எந்த அறையில் போட்டாலும் இரண்டு அறைகளின் சத்தம் கலந்து வரும். அதனால் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில், கிணற்றடியை விட்டுத் தள்ளி, நான்கடி தூரத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்தோம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். 1982-இல் சிடி வந்தபோது வைத்த அதே அளவுதான்; இந்த வேலைக்கு அதற்கு மேல் தேவையில்லை. பின்னணியில் காகமும் தூரத்தில் ஒரு மோட்டார் செட்டும் பதிவாகின. அவற்றை நான் நீக்கவில்லை. காகம் காகமாகக் கேட்கிறதா என்பதும் ஒரு சோதனைதானே.

முதலில் சென்னையில் ஒரு பெரிய கடை. கேட்பதற்கென்றே கட்டிய அறை. தரையில் தடித்த கம்பளம், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை, கனத்த திரை, நடுவில் ஒரு சோபா. விற்பனையாளர் தம்பி மிகவும் மரியாதையானவர். “சார், இதைக் கேளுங்கள்” என்று அமெரிக்கப் பாடகி ஒருவரைக் கிட்டாரோடு போட்டார். அடுத்து ஒரு டிரம்ஸ் தனி. இரண்டும் பிரமாதமாகப் பதிவானவை. ஆனால் அந்த அம்மாளின் குரலை நான் நேரில் கேட்டதில்லை. அது எப்படி இருக்க வேண்டும் என்று தெரியாமல், ஸ்பீக்கர் சரியாகச் சொல்கிறது, தப்பாகச் சொல்கிறது என்று நான் எப்படித் தீர்ப்புச் சொல்வது? என் பென் டிரைவைக் கொடுத்ததும் கும்கியில் அந்த அறையின் விலையுயர்ந்த ஜோடி தடுமாறியது. அதைவிட மலிவான ஒன்று நிதானமாகச் சொன்னது.

அங்கே இன்னொரு விஷயத்தையும் கவனித்தேன். இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஆம்பிளிஃபையரின் திருகை அதே இடத்தில் வைத்துவிட்டு வயரை மாற்றினார்கள். ஒன்று 88 டெசிபெல் திறன் உள்ளது, மற்றது 85. ஒரே மின் அளவுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்பதுதான் இந்தத் திறன். அதே திருகில் முன்னது மூன்று டெசிபெல் கூடுதலாகக் கத்தும். மூன்று டெசிபெல் என்பது ஆம்பிளிஃபையர் இரண்டு மடங்கு சக்தி கொடுத்ததற்குச் சமம். காது கூடுதல் சத்தத்தைக் கூடுதல் நயம் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு டெசிபெல் வித்தியாசம்கூட ‘இதில் உயிர் இருக்கிறது’ என்று நம்பவைக்கும். சத்தத்தைச் சமப்படுத்தித் தரும்படி கேட்டேன். அந்தத் தம்பி முகம் சுளிக்காமல் செய்தார். உடனே முதலிடத்தில் இருந்தது மூன்றாவதற்குப் போனது.

ஆனால் அந்த அறை தம்பூராவைக் கொன்றுவிட்டது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகிய ஜீவா என்ற நூலில் உரசித் தந்தி எழுப்பும் நுண்ணிய சலசலப்பைக் கம்பளமும் பஞ்சும் குடித்துவிட்டன. சாரணி, அனுசாரணி என்ற நடுத் தந்திகள் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து சுழல வேண்டும். அங்கே இரண்டு கம்பிகளைத் தனித்தனியாகத் தட்டியதுபோல் வறட்டுச் சத்தமாக வந்தது. எந்த வீட்டிலும் இல்லாத அறையில் கேட்டு வீட்டுக்கு எப்படி வாங்குவது என்ற கேள்வியோடு ஊர் திரும்பினேன்.

திருச்சி கண்டோன்மென்டில் மாடியில் இருக்கும் கடை இதற்கு நேர்மாறு. ஒரே ஓர் அறை. சிமெண்டுச் சுவர், புத்தக அலமாரி, டைல்ஸ் தரையில் ஒரு ஜமக்காளம், ஜன்னலுக்குச் சாதாரணத் துணித் திரை. நம் வீடுகள் எப்படி இருக்கின்றனவோ அப்படி. கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். மல்டிமீட்டரை எடுத்து, 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் வோல்ட்டை அளந்து, இரண்டு ஜோடியின் திறன் வித்தியாசத்தையும் கணக்கில் சேர்த்து சமப்படுத்தினார். பிறகு ஒரு சுவிட்ச் பெட்டியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். வயரைக் கழற்றி மாட்டும் நேரத்தில் காது முன்னால் கேட்டதை மறந்துவிடும். நுணுக்கமான நாத வித்தியாசம் நினைவில் நிற்பது சில நொடிகள்தான். சுவிட்ச் இருந்தால் ஒரே கும்கியின் நடுவிலேயே மாற்றிக் கேட்கலாம்.

நான் வழக்கம்போல் ஜமக்காளத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். அவர் நாற்காலியை நகர்த்த எழுந்தவர் நின்றுவிட்டார். “ஐயா, வீட்டிலும் தரையில்தான் உட்கார்ந்து கேட்பீர்களா?” என்றார். ஆமாம், நானும் பிள்ளைகளும் தரையில், என் மனைவி ஊஞ்சலில் என்றேன். “அப்படியானால் இதை முதலில் கேளுங்கள்” என்று எல்எஸ்50 மெட்டாவை எடுத்து வைத்தார்.

காரணம் இதுதான். சாதாரண ஸ்பீக்கரில் கீழே வூஃபர், மேலே உயர்ந்த சுரங்களுக்கான ட்வீட்டர் என்று இரண்டு வாய்கள் இருக்கும். இரண்டும் சந்திக்கும் சுரப்பகுதியில், காது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அவற்றின் அலைகள் கூடும் அல்லது கழியும். நாற்காலி உயரத்துக்கு அளந்து வைத்த ஸ்பீக்கரை அருகில் தரையில் உட்கார்ந்து கேட்டால் குரலின் நிறமே மாறிவிடும். கெஃப் ஸ்பீக்கரில் 25 மில்லிமீட்டர் ட்வீட்டர் 130 மில்லிமீட்டர் கூம்பின் நடுமையத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒரே வாய். தரையில் உட்கார்ந்தும், முழங்காலில் எழும்பியும், நின்றும் கேட்டேன். என் மனைவியின் குரல் அவள் குரலாகவே இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த இரட்டை வாய் ஸ்பீக்கரில் தரைக்கு வந்ததும் அவளுக்கு ஜலதோஷம் பிடித்ததுபோல் கேட்டது. நாற்காலியில் உட்கார்ந்து எழுதும் மதிப்புரைகளில் தரையில் கேட்பதைப் பற்றி நான் படித்ததில்லை. பாய் விரித்துப் பாட்டுக் கேட்கும் குடும்பத்துக்கு இதைவிட முக்கியமான தகவல் எனக்குத் தெரிந்து கிடையாது.

கெஃப் 1961-இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் தொடங்கிய நிறுவனம். பிபிசி வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக எழுபதுகளில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கருக்கு வாய்கள் செய்து கொடுத்தவர்கள் இவர்கள்தான். அங்கே முதல் சோதனையே மனிதக் குரல். நிறுவனத்தின் ஐம்பதாவது ஆண்டையொட்டி, அந்த வழியில் 2012-இல் எல்எஸ்50 வந்தது, 2020-இல் மெட்டா. ட்வீட்டருக்குப் பின்பக்கம் கிளம்பும் வேண்டாத ஒலியை விழுங்க, புதிர்ப்பாதைபோல் குடைந்த ஒரு வட்டத் தகட்டை இதில் சேர்த்திருக்கிறார்கள். தகட்டின் வேலையைத் தனியாகக் கேட்க வழியில்லை. ஆனால் பழைய ஒலிநாடாப் பதிவுகளின் ‘ஸ்ஸ்’ இரைச்சல் இதில் பாட்டோடு ஒட்டிக்கொள்ளாமல் பின்னால் தனியாக நிற்கிறது; பாடகர் முன்னால் நிற்கிறார். மேல்சுரத்தில் கூர்முனை உள்ள ஸ்பீக்கர்களில் அந்த இரைச்சல் ஒவ்வொரு சகாரத்தோடும் சேர்ந்து பற்களைக் கூசவைக்கும்.

“கடையில் கேட்பது பாதிதான், ஐயா. மீதியை உங்கள் கூடம் சொல்லும்” என்று, முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு ஜோடியை வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். இந்தச் சேவைக்காகவே அந்தக் கடைக்கு முழு மதிப்பெண்.

எங்கள் கூடம் பதினெட்டடி நீளம், பதினோரடி அகலம். சிவப்புக் காவித் தரை, கனத்த செங்கல் சுவர். நீளத்தின் ஒரு முனை முற்றத்துக்குத் திறக்கிறது, அதனால் அந்தத் திசையில் தொந்தரவு குறைவு. சிக்கல் அகலத்தில்தான். பதினோரடிக்கு எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி நின்று ஆடும் முதல் இடம் ஏறக்குறைய 51 ஹெர்ட்ஸ், இரண்டாவது 102. தொப்பியின் நாதம் உலவுவது இந்த நூறை ஒட்டித்தான். ஸ்பீக்கர்களைப் பக்கச் சுவர்களை ஒட்டி வைத்தபோது, கடையில் அடக்கமாக இருந்த கும்கி வீங்கிக்கொண்டது. பிள்ளைகளில் ஒருவன், “சார், ரவை அதிகமாகிவிட்டதுபோல் இருக்கிறது” என்றான். மிகச் சரியான காது.

இதற்கு வைத்தியம் காசு இல்லாதது. அந்த இரண்டாவது ஆட்டத்துக்கு அகலத்தில் கால் பங்கு தூரத்தில் அமைதிப் புள்ளி இருக்கிறது. அங்கே ஸ்பீக்கரை வைத்தால் அது அந்த ஆட்டத்தைத் தூண்டாது. பதினோரடியில் கால் பங்கு இரண்டே முக்கால் அடி. இரு பக்கச் சுவரிலிருந்தும் ஸ்பீக்கர் மையத்துக்கு இரண்டே முக்கால் அடி அளந்து, பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்ததும் வீக்கம் வடிந்துவிட்டது. அடி, மூச்சு, வால் மூன்றும் பிரிந்தன. கொல்லைப்புறத்தில் நான் வாசித்தது இதுதான் என்று தயக்கமில்லாமல் சொல்ல முடிந்தது. ஸ்டாண்ட் அறுபது சென்டிமீட்டர். ஸ்பீக்கரின் வாய் சம்மணமிட்டவர் காதுக்கு ஏறக்குறைய நேராக வருகிறது. கைதட்டினால் சுவர்களுக்கு இடையே ‘சிர்ர்’ என்று ஓடிய எதிரொலிக்கு ஒரு பக்கம் புத்தக அலமாரியும் எதிர்ப்பக்கம் மடித்துத் தொங்கவிட்ட போர்வையும் போதுமானதாக இருந்தன. தரையில் ஜமக்காளம். பஞ்சுப் பலகைக்கு ஒரு பைசா செலவழிக்கவில்லை, செலவழிக்கவும் மாட்டேன். காவித் தரையின் மிச்ச ஒலியில்தான் தம்பூரா உயிரோடு இருக்கிறது.

ஆம்பிளிஃபையரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சத்தத்தைச் சமப்படுத்திக் கேட்டபோது அதைவிட மூன்று மடங்கு விலையுள்ளவற்றோடு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 8 ஓமுக்கு 85 வாட், என் கூடத்துக்குத் தாராளம். இசைத்தட்டுக்கு இணைப்பு இருக்கிறது, டிஜிட்டல் இணைப்பும் இருக்கிறது. நான் அதை விரும்புவதற்குக் காரணம் ‘லவுட்னஸ்’ என்ற தனித் திருகு. ஒலி குறையக் குறைய நம் காது கீழ்ச்சுரங்களை வேகமாக இழக்கிறது. ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிய விஷயம். இரவு பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு மெதுவாகக் கேட்கும்போது தொப்பி காணாமல் போகும். இந்தத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் திரும்ப வந்துவிடுகிறது. மின்சாரம் ஏறி இறங்கும் எங்கள் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு எந்தக் கருவியும் காப்பு ஆகாது. பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட வேண்டும்.

இனி நாகசுரம். இதைச் சொல்லாமல் தஞ்சை ஜில்லாக்காரன் ஸ்பீக்கர் மதிப்புரையை முடிக்க முடியாது. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் இந்த வாத்தியம் கோயில் வீதிக்காகப் பிறந்தது. என் கூடத்தில் நிஜ நாகசுரம் வாசித்தால் யாராலும் உட்கார்ந்திருக்க முடியாது. ஆகவே சத்தத்தின் அளவை ஸ்பீக்கரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. உதட்டில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பும் அடிமுனையில் விரிந்த வாயான அணசின் வெளியே விரியும் முழக்கமும் விகிதம் மாறாமல் வருகின்றனவா என்றுதான் கேட்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956-இல் மறைந்தார். அவர் பதிவுகள் மோனோ காலத்தவை, அதாவது இடம், வலம் என்று பிரிக்காத ஒற்றைவழிப் பதிவுகள். மோனோ பதிவு இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஒரே புள்ளியில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ அகன்று பரவினாலோ ஜோடி பொருந்தவில்லை, அல்லது வைத்த இடம் சரியில்லை என்று அர்த்தம். அவருடைய தோடி என் கூடத்தில் ஊஞ்சல் சங்கிலிக்கும் பூஜையறைக் கதவுக்கும் நடுவே, கைநீட்டிக் காட்டக்கூடிய இடத்தில் நிற்கிறது. மலிவான ஸ்பீக்கர்களில் தகரமாகிவிடும் அந்த மேல்ஸ்தாயிப் பிடிகள் இதில் மரத்தின் வெதுவெதுப்போடு வருகின்றன.

குறைகள் உண்டு. தயாரிப்பாளர்களே சொல்லும் கணக்குப்படி சமமான ஒலி 79 ஹெர்ட்ஸ்வரைதான். அதற்குக் கீழே படிப்படியாகச் சரிகிறது. ஒரு கட்டைச் சுருதியில் தம்பூராவின் மந்தரத் தந்தி 65 ஹெர்ட்ஸ். அதன் மேல்சுரங்கள் முழுதாக வருவதால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. எனக்குக் குறை தெரியவில்லை. சினிமா வெடிச்சத்தமும் மின்னணு இசையும் விரும்புகிறவர்களுக்கு நிச்சயம் தெரியும், அவர்களுக்குத் தனி சப்வூஃபர் வேண்டும். 85 டெசிபெல் திறன் என்பது குறைவு. கல்யாண மண்டபம்போல் பெரிய கூடம் உள்ளவர்கள், தவில் தனியாவர்த்தனத்தை மேடைக்குச் சமமாகக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். ஆளுயர ஸ்பீக்கர்கள் அவர்களுக்கானவை. விலையும் சாமானியமில்லை, நான் வாங்கியபோது ஸ்பீக்கர் மட்டுமே லட்சத்தைத் தாண்டியது, ஸ்டாண்டுக்குத் தனி.

அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் சிறிய இரட்டை வாய் ஸ்பீக்கரை வாங்கி, ட்வீட்டர் தரையில் உட்கார்ந்தவர் காது உயரத்துக்கு வரும்படி குட்டை ஸ்டாண்டைத் தச்சரிடம் செய்துகொள்ளலாம். என் மாணவன் வீட்டில் அப்படித்தான் வைத்தோம். செலவு நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை, குரல் நன்றாகவே நிற்கிறது. திருச்சிக் கடைக்குப் போவதானால் போனில் நேரம் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்கும் அறை ஒன்றுதான். உள்ளே ஒருவர் உட்கார்ந்துவிட்டால் அவர் திருப்தியாக எழும்வரை கடைக்காரர் அவசரப்படுத்துவதில்லை.